கிரேடு இருந்தா போதுமா சார்?

கேள்வி: ஆஸ்திரேலியா பில்பராவுல ஒரு சின்ன இரும்புத்தாது கம்பெனி, 58% கிரேடாம் (தாதுல இருக்கற இரும்போட அளவு), ஷேர் வாங்குன்னு ஃப்ரெண்ட் பிடுங்கறான். வாங்கலாமா?

பதில்: சந்தையில பேசற விலை 61, 62% இரும்புக்கு, 58னா தள்ளுபடி தான். ஆனா என்னைக் கேட்டா கிரேடு கூட ரெண்டாம்பட்சம், தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோற ரயில் தாங்க விஷயமே. அங்க தண்டவாளமெல்லாம் பெரிய கம்பெனிங்க சொந்தமா போட்டது, அடுத்தவனுக்கு லேசுல விடமாட்டாங்க, ஃபோர்டெஸ்க்யூங்கற சுரங்கக் கம்பெனியே தனியா லைன் போட்டு தான் 2008ல மொத கப்பல் அனுப்புச்சு, அப்புறம் பிராக்மன்னு ஒரு குட்டி கம்பெனி அதே லைன்ல இடம் கேட்டப்ப ஃபோர்டெஸ்க்யூகாரங்களே எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாங்க (மாமியார் ஆன மருமக மாதிரி!). அட்லஸ் அயர்ன்னு இன்னொரு கம்பெனி தாதுவை லாரியில ஏத்தி போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்துக்கு ஓட்டுச்சு, 2015 ஏப்ரல்ல தாது விலை டன் 50 டாலருக்குக் கீழ விழுந்ததும் சுரங்கத்தையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் எத்தனை கிலோமீட்டர், ரயிலா லாரியான்னு ஃப்ரெண்ட்ட கேளுங்க, முழிச்சான்னா விட்ருங்க.