பேஸ் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல ஆண்டுகளாக ரிதம் கிட்டார் வாசித்து வருகிறேன். எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர் வெளியூர் போய்விட்டதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிரெசிஷன் பேஸா, ஜாஸ் பேஸா?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டுமே லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிபோர்னியாவில் உருவாக்கியவை. 1951-இல் வந்த பிரெசிஷன் பேஸுக்கு 1957-இல் இரு துண்டாகப் பிளந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பொருத்தப்பட்டது. ஒரு துண்டு ஈ, ஏ கம்பிகளின் கீழும், மற்றது டி, ஜி கம்பிகளின் கீழும் இருக்கும். இரண்டின் சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருப்பதால் மின் இரைச்சல் தானாகவே அடங்கிவிடும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு தனித்தனி பிக்கப்புகள் உள்ளன; இரண்டையும் சம அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் இராது, ஒன்றை மட்டும் திறந்தால் 'ம்ம்' என்று முனகத் தொடங்கும். சீரியல் விளக்குகளும் டிம்மர்களும் நிறைந்த கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் உங்களுக்கு இது சிறிய விஷயம் அன்று.

மறுபுறம், ஜாஸ் பேஸின் கழுத்து, நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) இருக்கும் இடத்தில் சுமார் 38 மில்லிமீட்டர் அகலமே கொண்டது; பிரெசிஷன் பெரும்பாலும் 41 முதல் 44 வரை இருக்கும். கிட்டாரிலிருந்து வருகிறவருக்கு ஜாஸ் உடனே கைக்கு வந்துவிடும். கீபோர்டும் ரிதம் பேடும் இடத்தையெல்லாம் நிரப்பிவிடும் மெல்லிசை மேடையில், குமிழ்களைத் திருகிக்கொண்டிராமல் தன் இடத்தில் நிற்கும் ஒலி பிரெசிஷனுடையது என்பதால் என் வாக்கு அதற்கே. கடையில் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இணைப்பதற்கு முன் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு நின்று பாருங்கள். கையை எடுத்ததும் கழுத்து தரையை நோக்கிச் சாய்கிற பேஸ், மூன்று மணி நேரக் கச்சேரியில் உங்கள் இடது தோளைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்துப் பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கும் அந்தத் தடித்த, உருண்டையான பேஸ் ஒலி எனக்கு வருவதே இல்லை. ஈக்யூவில் (ஒலியின் தன்மையை மாற்றும் குமிழ்களில்) எவ்வளவு குறைத்தாலும் என் பேஸ் கணீரென்றே ஒலிக்கிறது. எந்தப் பெடல் வாங்கலாம்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பெடல் எதுவும் வேண்டாம், நீங்கள் குறிப்பிடும் ஒலி பெடலிலிருந்து பிறந்ததே இல்லை. அந்த ஒலிப்பதிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவரிடம் இருந்தது 1962-ஆம் ஆண்டின் சாதாரண பிரெசிஷன் பேஸ். அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடிமனான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளைப் போட்டிருந்தார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படுவது. ஃபிளாட்வவுண்ட் என்பது உள்கம்பியின் மேல் தட்டையான நாடா சுற்றியது. விரல் பட்டால் கண்ணாடிபோல் வழுக்கும். உங்கள் பேஸில் இருப்பது பெரும்பாலும் உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட்டாக இருக்கும். கணீர் ஒலியின் பெரும்பகுதி அந்தச் சுற்றிலிருந்துதான் வருகிறது.

அடுத்தது பஞ்சு. அக்காலத்துப் பிரெசிஷனில் பிரிட்ஜை (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதியை) ஓர் உலோக மூடி மறைத்திருக்கும். அதன் உட்புறம் கம்பிகளை லேசாக அழுத்தும் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும். பலர் மூடியைக் கழற்றி வீசினார்கள், ஜேமர்சன் வைத்துக்கொண்டார். இதை நீங்கள் இன்றே செய்து பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் மென்மையான ஸ்பாஞ்சிலிருந்து ஒரு விரல் அகலப் பட்டையை வெட்டி, பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். ஸ்பாஞ்ச் கம்பியைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. தூக்கினால் சுருதி கூடிவிடும். சரியாகச் செருகினால், தட்டியதும் ஸ்வரம் முழுதாக எழுந்து, அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிட்டு உடனே அடங்கும்.

மூன்றாவது வலது கை. பள்ளியில் டபுள் பேஸில் பயின்ற ஜேமர்சன், எலெக்ட்ரிக் பேஸுக்கு வந்த பிறகும் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். எவ்வளவு வேகமான பதினாறாம் மாத்திரைகளாக இருந்தாலும் ஒரே விரல் என்பதால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே எடையில் விழுகிறது. இரண்டு விரலால் வாசிக்கும் நமக்கு நடுவிரல் சற்று அதிகமாகவோ குறைவாகவோ அடிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்கத்தான் பாதிப் பேர் கம்ப்ரஸர் (சத்தத்தைச் சமப்படுத்தும் கருவி) வாங்குகிறார்கள். கடைசியாக, அந்த ஸ்டுடியோவில் கிட்டார்களையும் பேஸையும் ஆம்ப்பின் முன் மைக் வைத்துப் பிடிக்காமல், நேரடியாக ஒலிப்பதிவு மேசைக்கே அனுப்பினார்கள். உங்கள் வீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் (வாத்தியத்தைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செய்வதும் அதைத்தான். எனவே பெடலுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு செட் ஃபிளாட்வவுண்ட் வாங்குங்கள். விலை ரவுண்ட்வவுண்ட்டைவிடக் கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். புதிதில் அவையும் கொஞ்சம் பளிச்சென்றே ஒலிக்கும். சில வாரம் வாசித்தால் படிந்துவிடும்.

கேள்வி: வீட்டில் இருக்கும் கிட்டார் ஆம்ப்பிலேயே பேஸை இணைத்து வாசிக்கலாமா?
– வாசகி, ஈப்போ

பதில்: படுக்கையறை அளவுச் சத்தத்தில் வாசிக்கலாம். பேஸின் ஈ கம்பி விநாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது, கிட்டாரின் ஈ கம்பியைவிட ஒரு ஸ்தாயி கீழே. அந்த ஒலியை எழுப்ப ஸ்பீக்கரின் கூம்பு வெகுதூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. சத்தத்தைக் கூட்டினால் முதலில் படபடக்கும், பிறகு கிழியும். நம் காதும் தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே உணர்வதால் பேஸுக்கு எப்போதும் கூடுதல் வாட் தேவைப்படும். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்.வி.டி. ஆம்ப்பை, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியோடு இறக்கியது வீம்புக்காக அன்று.

கேள்வி: ஐந்து கம்பி பேஸ் அவசியமா?
– வாசகர், மதுரை

பதில்: ராக் மட்டும் வாசிப்பவருக்கு அவசியமில்லை. மெல்லிசைக் குழுவில் இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்வேன். மேடையேறும் நேரத்தில் பாடகர் வந்து "அரைக்கட்டை இறக்கிக்கலாமா" என்று கேட்பது நம் ஊரில் வழக்கம். ஈ-யில் அமைந்த பாட்டு ஈ ஃபிளாட்டுக்கு இறங்கினால், நான்கு கம்பிக்காரர் ஆதார ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியதுதான். பாட்டின் அடித்தளமே காணாமல் போகும். ஈ-யைவிடத் தாழ்ந்த ஐந்தாவது கம்பியான பி இருந்தால் கையை ஒரு ஃப்ரெட் (விரற்பலகையின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) நகர்த்தினால் போதும். வாங்கும்போது அந்தப் பி கம்பியைத் தனியாகத் தட்டிக் கேளுங்கள். விலை குறைந்த பேஸ்கள் பலவற்றில் அது தொளதொளவென்றிருக்கும், எந்த ஸ்வரம் என்றே விளங்காது.

கேள்வி: பேஸைக் கேட்டுப் பழக எந்த ஒலிப்பதிவுகளில் தொடங்கலாம்?
– வாசகர், சேலம்

பதில்: நான்கு சொல்கிறேன். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம், 1971. அதுவரை உறையில் பெயரில்லாமலே வாசித்துவந்த மோடவுன் இசைக்கலைஞர்களின் பெயர்கள் அதில் அச்சாகியிருந்தன. ஜேமர்சன் அதன் தலைப்புப் பாடலில் பாடகரை மீறாமலும், ஓரிடத்திலும் சும்மா இராமலும் வாசிப்பதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடுத்து பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்', 1966. இதில் கரோல் கே பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசித்த பேஸ் பல இடங்களில் ஆதார ஸ்வரத்தைத் தவிர்த்து வேறு ஸ்வரத்தில் நிற்பதால், அதே கார்டு புதிதாக ஒலிக்கிறது. இதைக் கேட்டுக் கிளர்ந்த பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 1967-இல் வந்த 'சார்ஜெண்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தில் பேஸைப் பெரும்பாலும் எல்லா வாத்தியங்களும் பதிவான பிறகு தனியாக உட்கார்ந்து சேர்த்தார். பேஸ் அதில் மெட்டாகவே பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நான்காவது வெதர் ரிப்போர்ட்டின் 'ஹெவி வெதர்', 1977, அதில் பேஸ் வாசித்த ஜாக்கோ பாஸ்டோரியஸுக்காக.

நம்முடையதை விட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் மெட்டுக்கு எதிர்மெட்டாக நகர்வதையும், ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுகளில் கீத் பீட்டர்ஸ் எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு சாதிக்கிறார் என்பதையும் நீங்கள் ஏற்கெனவே காதில் வைத்திருப்பீர்கள். கேட்கும்போது பேஸை மட்டும் வாயால் பாடிக்காட்ட முயலுங்கள். பாட வராத வரியைக் கை வாசித்தாலும் அது தாளத்தில் உட்காராது.

கேள்வி: என் பழைய பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டால் கமகங்கள் வாசிக்க முடியுமல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஃப்ரெட்டே இல்லாத கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த ஊரில் இந்த ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. முடியும். ஃப்ரெட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி மெல்ல நெம்பினால் மரம் பெயராது. பள்ளங்களை மெல்லிய மரச்சீவலால் அடைத்துத் தேய்த்துவிட வேண்டும். ரவுண்ட்வவுண்ட் கம்பி வெறும் மரத்தை அரம்போல் அரித்துவிடும். பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் விரற்பலகையில் படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பிசினைப் பூசியது அதனால்தான். ஃபிளாட்வவுண்ட் போடுவீர்களானால் அந்த வேலை மிச்சம்.

ஒன்றைப் பழக வேண்டியிருக்கும். ஃப்ரெட் உள்ள பேஸில் விரலை ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். ஃப்ரெட்லெஸில் அந்தக் கோடு இருந்த இடத்தின் மேலேயே விரல்நுனி விழ வேண்டும், பின்னால் விழுந்தால் சுருதி இறங்கிவிடும். தம்பூரா ஒலியை ஓடவிட்டு ச, ப, மேல் ச மூன்றையும் கமகமே இல்லாமல் வாசித்து, கண்ணால் பார்க்காமல் அவை நிற்கும்வரை மற்ற ஸ்வரங்களுக்குப் போகாதீர்கள்.