மேலே இரண்டு வசனம், கீழே இரண்டு வசனம்: டீச்சரிடம் கேட்டவை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை, சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவள். எந்த வசனத்தைப் பற்றிக் கேட்பதாக இருந்தாலும் அதற்கு மேலே இரண்டு வசனம், கீழே இரண்டு வசனம் வாசித்துவிட்டுக் கேளுங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். அவர்கள் தூங்கின பிறகு உட்கார்ந்து அழுகிறேன். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியும் மாறவில்லை, டீச்சர். (கோவையிலிருந்து ஒரு தாய்)

பதில்: தங்கச்சி, அது எபேசியர் 4:26. அதன் முதல் பாதி, "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்பது, 4ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அங்கே தொடர்ந்து வருவது, "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." கோபமே வரக்கூடாது என்று இரண்டு இடத்திலும் இல்லை. வந்த கோபத்தை நாளைக்கு எடுத்துப் போகாதே என்றுதான் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் மூன்று நாளாக நோட்டு கொண்டுவரவில்லை. நான்காம் நாள் அவன் பையைத் தூக்கி வராந்தாவுக்கு வெளியே எறிந்தேன். மழை பெய்து ஓய்ந்த நேரம். பைக்குள்ளிருந்த டிபன் பாக்ஸ் திறந்து சோறெல்லாம் சேற்றில் கொட்டிவிட்டது. அவன் ஒன்றும் பேசாமல் குத்தவைத்து உட்கார்ந்து, சேறு படாத சோற்றை மட்டும் விரலால் ஒதுக்கி ஒதுக்கி டப்பாவுக்குள் போட்டான். இன்றைக்கும் அந்த விரல் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவன் வீடு தேடிப் போய், அவன் அம்மா முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வசனம் தெரிந்திருந்ததால் என் கோபம் நிற்கவில்லை, ஆனால் ராத்திரிக்குள் போக வேண்டும் என்று என்னை விரட்டியது அந்த வசனம்தான்.

நீங்கள் பிள்ளைகள் தூங்கின பிறகு அழுவது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது நீங்கள் கத்தினது மட்டும். அவர்கள் முழித்திருக்கும்போதே, "அம்மா கத்தினது தப்பு" என்று சொல்லுங்கள். "நீ அப்படிச் செய்ததால்தான்" என்று பின்னால் ஒட்டு வேண்டாம். அப்புறம், பஸ் விட்டு இறங்கியதும் நேராக உள்ளே நுழையாமல் வாசலில் ஐந்து நிமிடம் நின்று, முகம் கழுவிவிட்டு நுழைந்து பாருங்கள். "கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிறாரே, தாமதம் என்பது கையில் கடிகாரத்தோடு பழக வேண்டிய விஷயம்.

கேள்வி: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." இந்த வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொண்டு குரூப் 4 எழுதுகிறேன். பாஸாகிவிடுவேன்தானே?

பதில்: தம்பி, பிலிப்பியர் 4:13க்கு மேலே 11, 12 வாசியுங்கள். பவுல் கைதியாக இருந்து எழுதுகிறார். பட்டினியாயிருக்கவும் தெரியும், திருப்தியாயிருக்கவும் தெரியும், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். பாஸானாலும் ஆகாவிட்டாலும் உடைந்துபோகாமல் நிற்கிற பெலன் அது. நன்றாகப் படியுங்கள், ஜெபமும் பண்ணுங்கள்.

கேள்வி: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற எரேமியா 29:11 எனக்கு வாக்குத்தத்தமாக வந்தது. விசா எப்போது கிடைக்கும்?

பதில்: மேலே 10ஆம் வசனத்தை வாசியுங்கள், எழுபது வருஷம் என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. நீங்கள் இப்போது இருக்கிற ஊருக்கு உங்களால் என்ன நன்மை என்பதுதான் அது உங்களிடம் கேட்கிறது.

கேள்வி: மகன் கையில் டாட்டூ குத்திக்கொண்டான். லேவியராகமம் 19:28 காட்டினேன், கேட்கவில்லை.

பதில்: அக்கா, அதே அதிகாரத்தை முதலிலிருந்து நீங்களும் அவனுமாக வாசியுங்கள். 13இல் "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." 16இல் கோள் சொல்லித் திரியாதே. 18இல் உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனில் அன்புகூரு. 32இல் நரைத்தவனுக்கு முன் எழுந்திரு. 36இல் சரியான தராசு. டாட்டூவுக்கு ஒரே ஒரு வசனம், அதுவும் செத்தவனுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்துச் சொன்னது. வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு "சில்லறை இல்லை, நாளைக்கு வா" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவள் எந்தக் கடையில் என்ன சொல்லிக் கடன் வாங்கினாள் என்று கேட்டதில்லை. மகன் கையை விடுங்கள், அவன் அழிக்க நினைத்தாலும் லேசில் போகாது. கூலியை இன்றே கொடுக்கலாம்.

கேள்வி: தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?

பதில்: மத்தேயு 23:23. வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூடக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களிடம், நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு கேட்டதைப் பாருங்கள்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். கீழ்ப்படிந்து போ, எபேசியர் 5:22 அதைத்தான் சொல்கிறது என்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, 5:21 "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. 25 முதல் 29 வரை புருஷனுக்குச் சொன்னது, தன் சொந்தச் சரீரத்தைப்போல் மனைவியைப் பாராட்டிப் பேண வேண்டும் என்று. அடி வாங்குவதைக் கீழ்ப்படிதல் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். அதன் பிறகு பேசலாம்.

கேள்வி: பெண் வீட்டார் அவர்களாகவே மனமுவந்து சீதனம் கொடுக்கிறார்கள், நாங்கள் கேட்கவில்லை. வாங்கினால் தப்பா? (நாகர்கோவில் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டார்)

பதில்: ஐயா, கேட்கவில்லை என்கிறீர்கள். "உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்ங்க" என்று சொன்னீர்களா இல்லையா? அதற்கு எத்தனை பவுன் என்று அந்தத் தகப்பனுக்குத் தெரியும். வேதத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரன்தான் ரெபெக்காளுக்குப் பொன்னும் வெள்ளியும் கொண்டுபோகிறான். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் வேலை செய்கிறான், ஏமாற்றப்பட்ட பிறகு இன்னும் ஏழு. கொடுத்தது மாப்பிள்ளை பக்கம். இதைச் சொன்னால் ஒருவரும் வாங்கின பணத்தைத் திருப்புவதில்லை, ஆனால் எனக்கு எழுத மட்டும் வந்துவிடுகிறார்கள். நான்கு பேர் எழுதியதற்குப் பதில் கீழே.

ஒருவர், பார்வோன் சாலொமோன் ராஜாவுக்கு மனைவியான தன் மகளுக்குக் கேசேர் பட்டணத்தையே சீதனமாகக் கொடுத்தானே, 1 இராஜாக்கள் 9:16 என்கிறார். சரி, யாருக்குக் கொடுத்தான்? "தன் குமாரத்திக்கு." சாலொமோனின் அப்பாவுக்குக் கடன் அடைக்கக் கொடுக்கவில்லை. இன்னொருவர் காலேபின் மகள் அக்சாளைக் கொண்டுவந்தார். யோசுவா 15இல் அவள் தானே தகப்பனிடம் கேட்டுத் தனக்கு நீரூற்றுள்ள நிலத்தை வாங்கிக்கொள்கிறாள். உங்கள் மருமகளின் நகை எந்த வங்கி லாக்கரில், யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லுங்கள், அப்புறம் அக்சாளைப் பேசுவோம். ராகேலின் தகப்பன் லாபான் தன் பெண்களை வைத்துச் சம்பாதித்ததையும் மறந்துவிட வேண்டாம். ஆதியாகமம் 31இல் ராகேலும் லேயாளும், அவர் எங்களை விற்று எங்கள் பணத்தையும் சாப்பிட்டுவிட்டார் என்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகும் பண விஷயத்தில் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறோம்?

மூன்றாமவர், பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது, அதற்குப் பதிலாகத்தான் சீதனம் என்கிறார். செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் பேசுவது சரி என்று கர்த்தரே சொன்னார், எண்ணாகமம் 27. திருவிதாங்கூரின் 1916ஆம் வருஷக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வைத்திருந்தது. மேரி ராய் என்கிற கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, 1925ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது. மகனுக்கும் மகளுக்கும் சமம். பங்கு கொடுக்க விருப்பமென்றால் மகள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். மாப்பிள்ளையின் அப்பா கையில் ரொக்கமாக எதற்கு? 1961ஆம் வருஷ வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம்.

நான்காமவர், "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள், மத்தேயு 7:1, டீச்சர்" என்று எழுதினார். கீழே 5ஆம் வசனம் வரைக்கும் வாசியுங்கள் ஐயா. உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை முதலில் எடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்று இருக்கிறது. துரும்பை அப்படியே விட்டுவிடு என்று இல்லை. என் கல்யாணத்தில் என் அப்பா வயலை விற்றுக் கொடுத்தார், நான் வாயைத் திறக்கவில்லை. என் உத்திரம் அது. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

கேள்வி: எரேமியா 29:11...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சினிமா பார்க்கலாமா? பூ வைக்கலாமா?

பதில்: உங்கள் போதகரிடம் கேளுங்கள்.

கேள்வி: டீச்சர், அந்த மாப்பிள்ளை நான்தான். மூன்று வாரத்தில் கல்யாணம். பணம் ஏற்கெனவே அப்பா கையில். இப்போது என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் எழுதினதற்கு நன்றி. லூக்கா 19இல் வரி வசூலிக்கிற சகேயுவிடம் இயேசு பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. அவனே எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். வசனத்தை வைத்து அவரை மடக்க வேண்டாம், "எனக்கு இது வேண்டாம்ப்பா" என்று சொன்னால் போதும். மண்டபத்துக்கு, அசன விருந்துக்கு என்று செலவாகிவிட்டது என்பார். அப்படியானால் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள், மீதியை உங்கள் சம்பளத்திலிருந்து எந்த மாதத்துக்குள் அடைப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள். அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.