சேற்றுவெளியில் சாம்பல் புள்ளிகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

குளிர்கால வலசைப் பறவைகளைப் பார்க்க, ஞாயிறு விடியற்காலை கழிமுகச் சேற்றுவெளிக்குப் போனேன். 8 மடங்கு பைனாகுலரும் கையேடும் இருந்தன. ஏராளமான பறவைகள், ஆனால் எல்லாமே தொலைவில் சாம்பல் புள்ளிகள். நான்கு மணி நேரத்தில் ஐந்து இனங்களைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டெலஸ்கோப் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

டெலஸ்கோப் நல்லதுதான். ஆனால் முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். விடியலில் கிளம்புவது காட்டுப் பறவைகளுக்குப் பொருந்தும். கரைப்பறவைகளுக்குச் சூரியனைவிட ஓதமே முக்கியம். தண்ணீர் வற்றியிருந்தால் பறவைகள் சேறு முழுக்கச் சிதறி மேயும். தண்ணீர் ஏற ஏற, இரைதேடும் இடம் சுருங்கி அவை நம் பக்கம் ஒதுங்கும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்துவிடுங்கள். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், போன வாரத்துக் கணக்கு இந்த வாரம் உதவாது. ஏற்ற இறக்கம் குறைவான கடற்கரையில், அல்லது உப்பளத்தில், நீரின் ஆழத்தைப் பாருங்கள். உள்ளான் என்னும் கரைப்பறவைகளில் சின்னவை விரற்கடை ஆழத்தைத் தாண்டிப் பெரும்பாலும் இறங்குவதில்லை.

கையேட்டில் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து இறகு. குளிர்காலத்தில் அந்தச் செம்மையும் கருமையும் இருக்காது. அதனால் நிறத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி என்னும் கரைப்பறவை கண்ணால் இரை தேடுவது: நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து. உள்ளான் சேற்றுக்குள் அலகால் தடவித் தேடுவது, தையல் இயந்திரம் போல விடாமல் குத்திக்கொண்டே போகும். இந்த ஒன்றிலேயே பாதிக் கூட்டம் பிரிந்துவிடும்.

அடுத்தது கால். கொசு உள்ளானுக்குக் கருப்பு, டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. பலரும் சறுக்குவது இங்கேதான்: சேறு அப்பிய கால் எல்லாமே கருப்பாகத்தான் தெரியும். பறவை தண்ணீரில் இறங்கி ஏறும்வரை பெயர் எழுதாதீர்கள்.

மிச்சத்தைப் பறக்கும்போது பார்க்கலாம். சாம்பல் உப்புக்கொத்தியின் கக்கம் கருப்பு, பொன்னிற உப்புக்கொத்திக்கு அது கிடையாது. பவளக்காலிக்குச் சிறகின் பின்விளிம்பு அகல வெள்ளை. மூக்கன் என்னும் நீள அலகுக் கரைப்பறவைகளில், கருவால் மூக்கனுக்குச் சிறகில் தெளிவான வெள்ளைப் பட்டை உண்டு, பட்டைவால் மூக்கனுக்கு இல்லை. இதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது மட்டும் கூடாது. 2022-இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. நிற்காமல் பறந்தது, உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான். நாம் ஒருமுறை விரட்டினால் அந்தச் சேமிப்பில்தான் கைவைக்கிறோம். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினாலே பின்வாங்கிவிடுங்கள். ஏறும் தண்ணீரோ ஒரு பூனைப்பருந்தோ தானே கிளப்பும்.

டெலஸ்கோப் வாங்குவதானால் 20–60 மடங்கு போதும், ஆடாத முக்காலி அதைவிட அவசியம். வெயில் ஏறிச் சேற்றின்மேல் காற்று நெளியும்போது 60-ல் நெளிவுதான் பெரிதாகும், 20-க்கு இறங்குங்கள். ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் வண்ணக்கொடி கட்டிய பறவை கண்ணில் பட்டால், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, கொடியின் நிறம், எழுத்து, எல்லாவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.