கடலோரத்தில் சும்மா நிலம் கிடைத்ததா?

கேள்வி: அமெரிக்காவில் புளோரிடா பக்கம் சானிபல் தீவில் அந்தக் காலத்தில் குடும்பங்களுக்கு நிலத்தைச் சும்மாவே கொடுத்தார்களாமே, உண்மையா? நம் பினாங்கு ஜெட்டி (படகுத்துறை) வீடுகளும் அப்படி வந்தவைதானா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சும்மா என்றால் எப்படி? 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் வரை கேட்கலாம், ஆனால் ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்துக் காட்டினால்தான் பட்டா கைக்கு வரும். சானிபலில் 1884இல் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அப்புறம் வந்து குடியேறியவர்கள் கொசுக்கடியைத் தாங்கிக்கொண்டு தக்காளியும் கத்திரிக்காயும் போட்டு, படகில் ஏற்றி விற்றுப் பிழைத்தார்கள். 1926 புயலில் உப்புத்தண்ணீர் வயலுக்குள் ஏறியது, அதோடு விவசாயம் படுத்துவிட்டது. கடல் பக்கத்தில் இருப்பது அழகுதான், பயிர் வைப்பவனுக்கு அல்ல! தரையோடு இணைக்கும் பாலம் 1963இல்தான் வந்தது. அதுவரை அரிசி, மருந்து, பிரசவம் எல்லாவற்றுக்கும் படகுதான். பினாங்கில் நமக்கும் 1985இல் பாலம் திறக்கும்வரை ஃபெர்ரிதானே கதி.

ஜெட்டி கதை வேறு. ஜார்ஜ்டவுன் கடற்கரைச் சாலையான வெல்ட் கீ ஓரத்தில் சீனக் குடும்பங்கள், ஒரே குலத்தார் ஒன்றாக, கடலில் கால் நட்டுப் பலகை வீடு கட்டினார்கள். கீழே இருப்பது தண்ணீர், பட்டாவுக்கு எங்கே போவது? தற்காலிக உரிமத்தில்தான் காலம் ஓடுகிறது. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் இந்த ஜெட்டிகளில் ஒன்றான, கோய் குலத்தாரின் கோய் ஜெட்டி அதற்கு முன்பே இடிபட்டுவிட்டது. இன்றும் இருக்கும் சியூ குலத்தாரின் சியூ ஜெட்டிக்குப் போனால் ஆட்கள் குடியிருக்கும் வீட்டு வாசலில் கேமராவை நீட்டாதீர்கள்.