விலை குறைந்த இயர்போனின் ஒலித்தரத்தை எப்படி மதிப்பிடுவது?

ஒலித்தரம் என்பது குரல், தாளம், மெல்லிய சலங்கை எல்லாம் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியாகக் கேட்பது. அதற்கு முதல் தேவை, சிலிக்கோன் முனை காதை இடைவெளியில்லாமல் அடைப்பது. தாழ்ந்த ஒலிகள் கேட்கக் காதுக் குழிக்குள் காற்றழுத்தம் நிற்க வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் அழுத்தம் கசிந்து அந்தத் தாழ்ந்த ஒலி (பேஸ்) காணாமல் போய்விடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் தெம்பிலி குடித்துப் பாருங்கள், அதே கதைதான்.

கொழும்பில் புறக்கோட்டையிலோ யூனிட்டி பிளாசாவிலோ வாங்கினால், நன்றாகத் தெரிந்த பாட்டொன்றைப் போட்டு இயர்போனை விரலால் மெல்ல அழுத்துங்கள். பேஸ் கூடினால் முனை சரியாக அடைக்கவில்லை; பெட்டியிலுள்ள அடுத்த அளவை மாட்டுங்கள். (இரு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.) பிறகு மிருதங்கம்: இடந்தலையின் ‘தொம்’மும் வலந்தலையின் நாதமும் பிரிந்து கேட்கிறதா? ‘ச’, ‘ஷ’ வரும் இடங்களில் காதைக் குத்தினால் தயவுசெய்து வாங்காதீர்கள். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். சற்று உரத்து ஒலிப்பதே நல்லதுபோல் தோன்றும்.

பெட்டியில் ‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் தரமானது என்று பலர் நம்புகிறார்கள். அது மனிதக் காது கேட்கும் எல்லைதான், அதற்குள் எந்த ஒலி தூக்கும், எது அமுங்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.