கப்பலைப் படம் பிடிக்க எங்கே நிற்பது?

கேள்வி: கடற்கரையில் மணிக்கணக்காக நின்றாலும் கப்பல் தொலைவில் ஒரு கோடாகத்தான் தெரிகிறது. மற்றவர்கள் மட்டும் எப்படி அவ்வளவு நெருக்கமாக எடுக்கிறார்கள்?

பதில்: லென்ஸில் ஒன்றும் இல்லை, எல்லாம் நிற்கும் இடத்தில்தான். திறந்த கடலில் கப்பல் எப்படி வேண்டுமானாலும் விலகிப் போகலாம். ஆற்று முகத்துவாரம், ஜலசந்தி, கால்வாய், அலைத்தடுப்புச் சுவரின் வாய் ஆகிய இடங்களில் அதற்கு வேறு வழியில்லை. கடல் வரைபடத்தை எடுத்து, சிவப்பு, பச்சை மிதவைகள் காட்டும் ஆழமான பாதை எந்தக் கரையை ஒட்டிப் போகிறது என்று பாருங்கள். அந்தக் கரைக்குப் போங்கள். பாதை வளைகிற இடமாக இருந்தால் அதிர்ஷ்டம்தான்: முன்பக்கம், முக்கால் பக்கம், முழு நீளம் என்று ஒரே கப்பலில் மூன்று படம் கிடைக்கும்.

பெயர் பெற்ற இடங்கள் எல்லாம் இப்படி அமைந்தவைதான். இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் ஜலசந்தி மிகக் குறுகலான இடத்தில் சுமார் 700 மீட்டர். பனாமா கால்வாயின் மிராஃப்ளோரஸ் லாக்கில் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும் மதகுத் தொட்டி) பார்வையாளர்களுக்கு மேடையே கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டுலூத்தில் ஏரிக் கப்பல்கள் தூக்குப் பாலத்தைக் கடந்து நுழையும்போது, கால்வாயோர நடைபாதையில் நிற்பவருக்கு அகலக் கோண லென்ஸே போதும். எனக்கு மிகவும் பிடித்தது ஹாம்பர்க்குக்குக் கீழே எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஷுலாவ் படகுத்துறை. 1952 முதல் அங்கே பெரிய கப்பல்களை அவற்றின் நாட்டுத் தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டு வரவேற்கிறார்கள். கப்பலைப் பற்றிய விவரமும் ஒலிபெருக்கியிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. நிறையச் சரக்கேற்றி ஆழம் அதிகம் தேவைப்படும் கப்பல்கள், பல துறைமுகங்களில் கடல் ஏற்றத்தை ஒட்டியே உள்ளே வரும். ஏற்றவற்ற அட்டவணையையும் சூரியன் இருக்கும் திசையையும் சேர்த்துப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஏஐஎஸ் செயலியில் (கப்பல்கள் தானாக அனுப்பும் ரேடியோ தகவலைக் காட்டுவது) கப்பல் வருவதாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் இல்லை. நம்பலாமா?

பதில்: இருப்பிடத்தை நம்பலாம், சேருமிடத்தையும் வந்துசேரும் நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அவை கப்பலில் இருப்பவர்கள் கையால் பதிவது, மாற்ற மறந்துவிடுவார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றிச் செல்லும் படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறதா என்று கவனியுங்கள். அதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக டக் (கப்பலை இழுக்கும் படகு), லாஞ்ச் (சிறிய மோட்டார் படகு) வைத்துத் தொழில் செய்கிறது. இணையதளத்துக்கு நாங்கள் எடுக்கும் படமெல்லாம் ஷோரூமில் நிறுத்திய வண்டி மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கட்டிப்போட்ட டக்கை எடுத்தால் அப்படித்தான் வரும். அது இழுக்கும்போது எடுங்கள். கயிறு விறைத்து, அதிலிருந்து தண்ணீர் தெறிக்கும். பின்பக்கம் சுழலியின் நீர் வெள்ளையாகக் கொதிக்கும். அந்தச் சில நொடிகள்தான் படம். பின்னணியில் பெரிய கப்பலின் சுவர் போன்ற பக்கம் வரட்டும், டக்கின் அளவு புரியும். உங்களைக் கூலிக்கு அமர்த்தப்போகிறவர் வேறு சிலவற்றையும் பார்ப்பார்: கயிறு சுற்றும் வின்ச் எப்படி இருக்கிறது, மோதலைத் தாங்கும் ஃபெண்டர் தேய்ந்திருக்கிறதா, டெக்கில் நிற்பவர்கள் ஹெல்மெட்டும் உயிர்காப்பு அங்கியும் போட்டிருக்கிறார்களா. அங்கி இல்லாத ஓர் ஆள் படத்தில் இருந்தால், வெளிச்சம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் போடாதீர்கள்.

எடுப்பவர் டக்கின் டெக்கில் நிற்கக் கூடாது. விறைத்த கயிறு அறுந்தால் திரும்பி அடிக்கும் வேகம் ஆளைக் கொல்லும். உங்கள் லாஞ்சிலிருந்து எடுங்கள், ஆனால் கப்பலுக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். சர்வதேச விதிப்படியே கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜிலிருந்து முன்னால் தெரியாத கடற்பரப்பு கப்பலின் இரண்டு மடங்கு நீளம் அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதுவரை இருக்கலாம். அந்தப் பரப்புக்குள் உங்கள் லாஞ்ச், கப்பலில் நிற்கும் பைலட்டின் கண்ணுக்குப் படாமலே போகலாம். லாஞ்சும் ஆடும் என்பதால் ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக.

பழைய படங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் போடுங்கள். அமெரிக்காவின் டகோமாவில் 1889-இல் தியா ஃபாஸ் என்ற பெண் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விட்டுத் தொடங்கிய தொழில்தான் பின்னர் பெரிய டக் நிறுவனமானது. அந்தப் பெண்ணின் கதை இன்றும் அந்த நிறுவனத்தின் அடையாளம். வாடிக்கையாளரின் கப்பல் பெயர் தெரியும் படத்துக்கு அவர்களிடமும், துறைமுகத்துக்குள் எடுத்தால் நிர்வாகத்திடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: விலை கூடிய டெலி லென்ஸ் வாங்கியும் நண்பகலில் படம் கலங்குகிறது.

பதில்: கானல். சூடான காற்று அசைவதை எந்த லென்ஸும் சரிசெய்யாது. விடியற்காலையில் போங்கள், இல்லையென்றால் தூரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: தாத்தா எடுத்த படங்களில் உள்ள கப்பல்களை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் கப்பலின் பின்புறத்தைப் பாருங்கள்; பெயரும் அதன்கீழ் பதிவுத் துறைமுகமும் இருக்கும். அது தெரியாவிட்டால் புகைபோக்கியின் நிறமும் சின்னமும். ஆனால் குத்தகைக்கு எடுத்தவர்கள் தங்கள் நிறத்தை அடித்துவிடுவதும் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கப்பல்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் லாய்ட்ஸ் ரெஜிஸ்டரின் பழைய பதிவேடுகளில் பெயர், கட்டிய ஆண்டு, டன்னேஜ் (கப்பலின் கொள்ளளவு) எல்லாம் கிடைக்கும். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும் என்பதால் ஆண்டையும் ஒப்பிடுங்கள்.

இன்று எடுக்கும் படத்தோடு ஐஎம்ஓ எண்ணையும் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள சர்வதேச அடையாள எண்) எழுதி வையுங்கள். பெயர், கொடி, முதலாளி மாறினாலும் அந்த ஏழு இலக்கம் மாறாது. சரியாகப் படித்தீர்களா என்று சோதிக்கவும் வழி உண்டு: முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் எண்ணின் ஏழாவது இலக்கமும் ஒன்றாக வர வேண்டும். 9074729 என்றால் 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139, கடைசி இலக்கம் 9. சரி.

கேள்வி: ட்ரோன்?

பதில்: எண்ணெய், எரிவாயுக் கப்பல் பக்கம் வேண்டவே வேண்டாம். மற்றவற்றுக்கு விமானப் போக்குவரத்துத் துறை, துறைமுகம், கப்பல் நிறுவனம் ஆகிய மூவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள், பிறகு பேசுவோம்.