வாசல் காசும் வழிக் காசும்

வாசகர் கேள்வி – பதில்

"கைபேசியில் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா, மைதானத்துக்குப் போங்கள்" என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்குத் திட்டி வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். சிலதை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் மேசன் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு உதைபந்தாட்ட இறுதியாட்டம் பார்க்க வாசலில் கேட்கிற காசு பெரிதில்லை. ஆனால் போய்வரக் கட்டாது. எங்களைப் போன்றவர்கள் எப்படி மட்ச் பார்க்கிறது? – பருத்தித்துறை வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது சரி. இங்கே உதைபந்தாட்டம் பார்க்கிற செலவு வாசலில் இல்லை, வீதியில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து போய்வர ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர். லீற்றருக்கு ஐம்பது ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்றாலும் ஒன்றரை லீற்றருக்குக் கிட்ட வேண்டும். 2021 டிசம்பரில் பெற்றோல் 177 ரூபா. 250 ரூபாவோடு காரியம் முடிந்தது. 2022 ஜூன் கடைசியில் அதே லீற்றர் 470 ரூபா. அதே பயணம் 660 ரூபா. அதுவும் எண்ணெய் கிடைத்தால். எண்ணெயைப் பங்கிட்டுத் தரக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர்தான் தந்தார்கள். ஒரு மட்சுக்குப் போய்வந்தால் அந்த வாரப் பங்கில் மூன்றில் ஒன்று காலி. அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீத அளவில் இருந்தது. பிறகு பெற்றோல் இறங்கியதுதான், ஆனால் 177ஐ மறுபடி நாங்கள் காணவில்லை. கூலியும் விலை ஏறிய வேகத்தில் ஏறவில்லை என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதோடு அரை நாள் சம்பளத்தையும் சேருங்கள். மத்தியானத்தோடு சாந்தகப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புகிறவனுக்கு முழு நாள் காசு யார் தருவார்?

நான் முன்பு நடுவராக விசில் ஊதியவன். அந்த உரிமையில் சுற்றுப்போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இறுதியாட்டம் மூன்றரைக்கு என்று நோட்டீஸ் அடிப்பீர்கள். பாண்ட் வாத்தியத்தோடு விருந்தினரை அழைத்து வருவீர்கள். மாலை, விளக்கு, கொடி, வீரர் அறிமுகம், பிறகு பிரதம விருந்தினர் உரை. அவர் தன் சின்ன வயதில் கோல் அடித்த கதையைச் சொல்லி முடிக்க நாலரை ஆகும். ஆட்டம் சமநிலையில் போய்ப் பெனால்ரிக்கு வந்துவிட்டால், வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் போகிற சனம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவுக்குக் காசு தேடும். ரிக்கெட்டில் ஐம்பது ரூபா குறைப்பதைவிட, உரைகளைப் பரிசளிப்புக்குத் தள்ளுவது பார்வையாளருக்குப் பெரிய விலைக்கழிவு. இதை நேரில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அடுத்த வருடம் என்னையே விருந்தினராகக் கூப்பிட்டு வாயை அடைத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அப்போதும் மட்ச் நடந்தது, சனம் சைக்கிளில் முன்னுக்கு ஒருவர் பின்னுக்கு ஒருவர் என்று வந்தது. ஆனால் அந்த மட்ச் பெரும்பாலும் அயலூரில் நடந்தது. இந்திய உதவியில் திருத்தி 2016இல் திறந்த துரையப்பா அரங்கு நல்ல அரங்குதான். அதற்காக எல்லா இறுதியாட்டத்தையும் பட்டினத்துக்குக் கொண்டு வர வேண்டுமா? அரையிறுதியாவது வடமராட்சியிலும் வலிகாமத்திலும் நடக்கட்டும். அதுவரை உங்கள் ஊர்ப் பெடியளோடு சேர்ந்து ஒரு பட்டா லொறி பிடித்துப் போங்கள். ஆளுக்கு வருகிற பங்கு மோட்டார் சைக்கிள் செலவைவிடக் குறைவு, வழி நெடுகச் சத்தம் போடவும் வசதி.

கேள்வி: யாழ்ப்பாணத்துக்கு இவ்வளவு உதைபந்தாட்டப் பைத்தியம் இருந்தும் தொழில்முறைப் போட்டி ஏன் இல்லை? – கோண்டாவில் வாசகர்

பதில்: நாட்டிலேயே அது நிலைக்கவில்லை. தொழில்முறை என்று சொல்லி 2021இல் சுப்பர் லீக் தொடங்கினார்கள். பத்துக் கழகங்கள்; புளூ ஸ்ரார் வென்றது. பத்தில் ஒன்றும் வடக்குக் கழகம் இல்லை. அடுத்த ஆண்டு நாடே வரிசையில் நின்றது. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் கடைசியில்தான் விட்டது. நம்முடைய பாடும்மீன், சென். மேரிஸ், சென். அன்ரனிஸ் கழகங்கள் ஓடுவது ஊர்க்காசிலும் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்புகிற காசிலும். பூட்ஸ் அங்கிருந்து வரும், பந்து அங்கிருந்து வரும். இங்கே தொழில்முறையாளர் என்றால் சோடா விற்கிறவர் ஒருவர்தான்.

கேள்வி: லண்டனில் இருபது வருடமாக இருக்கிற என் அண்ணர் இன்னும் ஒரு பிரீமியர் லீக் மட்சும் மைதானத்தில் பார்க்கவில்லையாம். "கட்டாது" என்கிறார். நாங்கள் இங்கே எல்லாம் ரிவியில் பார்க்கிறோம். இவர் கஞ்சத்தனத்தில் சொல்கிறாரா, உண்மையா? – நெல்லியடி வாசகர்

பதில்: உண்மை. உங்கள் அண்ணரை நம்புங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே தொடங்குகிற ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் ரிவியில் நேரடியாகக் காட்டுவதில்லை. சனம் மைதானத்துக்கு வராமல் போய்விடும் என்ற பழைய பயம். ஆகவே லண்டனில் இருக்கிறவர் பார்க்க முடியாத ஆட்டத்தை நீங்கள் நெல்லியடியில் இரவுச் சாப்பாட்டோடு பார்க்கிறீர்கள்.

அங்கே விலை ஏறிய கதை சோகமானது. 1989இல் ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். அதில் இறந்தவர்கள் தொகை 97. விசாரித்த நீதிபதி டெய்லர், பெரிய மைதானங்களில் நின்று பார்க்கிற இடங்களை எடுத்துவிட்டு எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னார். அதைச் சாட்டி விலையைக் கூட்டத் தேவையில்லை என்றும், கிளாஸ்கோவில் இருக்கை 6 பவுண்தான் என்றும் அறிக்கையில் காட்டினார். இருக்கை வந்தது. 6 பவுண் வரவில்லை. 1992இல் பிரீமியர் லீக் தொடங்கித் தொலைக்காட்சிக் காசு கொட்டத் தொடங்கியது. வாசல் காசை நம்பித்தான் பெரிய கழகங்கள் வாழ வேண்டும் என்ற நிலை போய்விட்டது. எனக்கு எரிச்சல் வருகிற இடமே இதுதான். தேவை குறைந்த பிறகும் விலை ஏன் ஏறுகிறது?

2024 நவம்பரில் மான்செஸ்ரர் யுனைற்றட் பருவத்தின் நடுவில் மிச்சமிருந்த உறுப்பினர் ரிக்கெட்டை 66 பவுணாக்கியது. சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை இல்லை. என் அக்காவின் மகன் ஈஸ்ற்ஹாமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கிறான். அப்போது அங்கே சட்டப்படி ஆகக்குறைந்த கூலி மணிக்கு 11.44 பவுண். இரண்டு பிள்ளைகளோடு போனால் 198 பவுண், பதினேழு மணித்தியாலத்துக்கு மேல் வேலை. ரயில் காசு வேறு.

ஆனால் சனம் சும்மா இருக்கவில்லை. 2016 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் ஒரு ரிக்கெட்டை 77 பவுணாக்கப் போகிறது என்றதும், சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றுகொண்டிருந்த லிவர்பூல் அதற்குப் பிறகு இரண்டு கோல் வாங்கிச் சமநிலையில் முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைப் பழையபடி வைத்தார்கள். அதே ஆண்டு, வெளியூர் அணியோடு வருகிற இரசிகருக்கு 30 பவுணுக்கு மேல் வாங்கக் கூடாது என்று பிரீமியர் லீக் வரம்பு வைத்தது. ஜேர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் பொதுவாக உறுப்பினரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் டோர்ட்மண்டில் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் இன்னும் நின்றபடி, குறைந்த விலையில் பார்க்கிறார்கள்.

என் மருமகன் இப்போது பிள்ளைகளைப் பக்கத்திலுள்ள லேய்ற்றன் ஓரியன்ற் கழகத்தின் ஆட்டங்களுக்குக் கூட்டிப் போகிறான். பெரிய பெயர் இல்லை. வீரர் வியர்வை துடைப்பது தெரிகிற தூரத்தில் இருக்கலாமாம். உங்கள் அண்ணருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் ஸ்காபரோவில். ரொறன்ரோவுக்கு ஒதுக்கிய 2026 உலகக் கிண்ண மட்ச் ஒன்றுக்கு ரிக்கெட் வாங்கச் சீட்டுக் காசை எடுத்துவிட்டான். கேட்டால் "விலை மாறிக்கொண்டே இருக்கும் அம்மா" என்கிறான். அப்படியும் ஒரு வியாபாரமா? – சங்கானை வாசகி

பதில்: உண்டு அம்மா. தீபாவளிக்கு முதல்நாள் ஆட்டிறைச்சி விலை மாதிரி: கேட்கிற சனம் கூடினால் விலையும் கூடும். உலகக் கிண்ணத்துக்கு இந்த முறையை முதன்முதலில் கொண்டு வந்தது 2026க்குத்தான். 2022இல் கட்டாரில் அங்கே வசிப்பவருக்கு ஆகக்குறைந்த ரிக்கெட் 40 ரியால் என்று தனியாக வைத்திருந்தார்கள். இனி மகனைத் திட்டிப் பயனில்லை. சீட்டுத் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறானா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: மகள் பாடசாலை அணியில் விளையாடுகிறாள். ஒரு இறுதியாட்டம் பார்க்க ஆசைப்படுகிறாள். "ஒருவருக்குத்தான் காசு இருக்கு, தம்பி போகட்டும்" என்கிறார் கணவர். தம்பிக்குப் பந்தைவிட ஐஸ்கிறீமில்தான் கண். – மல்லாகம் வாசகி

பதில்: தங்கச்சி, விளையாடுகிற பிள்ளைதான் பார்க்க வேண்டும். பின்வரிசைக்காரி எங்கே நிற்கிறாள், பந்து இல்லாதபோது எப்படி ஓடுகிறாள் என்பதெல்லாம் ரிவியில் தெரியாது. கமரா பந்தின் பின்னால் போய்விடும். உங்களுக்குப் பக்கத்திலேயே தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்றவர்கள். அவர்கள் விளையாடுகிற பாடசாலை ஆட்டங்களையும் தேடிப் போய்ப் பார்க்கட்டும். மகளைத் தனியே விடத் தயக்கம் என்றால் நீங்களும் கூடப் போங்கள். அன்றைக்கு ஒரு நாள் அவர் சமைக்கட்டும். மகனுக்கு ஐஸ்கிறீமையும் அவரே வாங்கிக் கொடுக்கட்டும்.